பழைய படகு, தில்லி விலை

மே மாத உச்சி வெயில். நாகப்பட்டினத்தில் கடுவையாற்றின் கரையில் விசைப்படகுகள் முட்டுக் கொடுத்து நிற்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் எந்த விசைப்படகும் கடலுக்குப் போகாது. பலகை இடுக்கில் கலப்பத்து அடிக்கிற சத்தம் ஒரு பக்கம், வெல்டிங் பொறி ஒரு பக்கம், குங்கிலியம் காய்ச்சுகிற வாசனை எல்லாப் பக்கமும். படகு வாங்க வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறுகிறார். கூட வந்த ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சர், ஏறவில்லை. குனிந்து படகுக்கு அடியில் நுழைகிறார்.

விற்பவர் புதிதாக அடித்த பெயின்ட்டைக் காட்டுகிறார். புதிதாக மாட்டிய எக்கோ சவுண்டரைக் காட்டுகிறார். ஒரு ரிப்பேரும் கிடையாது, இறக்கிவிட்டால் ஓடும் என்கிறார். பழைய படகு விற்கிற எவரும் வேறு எதுவும் சொன்னதில்லை. ஓடாவி பதில் பேசாமல் சுத்தியலின் பின்பக்கத்தால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டு போகிறார். ணங், ணங், ணங். படகின் அடிமரமான ஏராவுக்கு மேலே ஓரிடத்தில் சத்தம் மாறுகிறது. தொப். நின்று, கத்தி முனையை வைத்து அழுத்துகிறார். முனை உள்ளே இறங்குகிறது. பெயின்ட்டுக்குக் கீழே மரம் மாவாகிக் கிடக்கிறது.

விற்பவரின் குரல் இறங்குகிறது, விலையும் இறங்கும்.

ஆனால் ஓடாவியின் சுத்தியல் எட்டாத இடங்கள் இந்தப் படகில் இன்னும் இருக்கின்றன. பதிவுச் சான்று யார் பெயரில்? இன்ஜின் எத்தனை குதிரைத்திறன்? எந்த வலைக்கு உரிமம்? எந்தக் கடலுக்கு அனுமதி? இவற்றுக்கான பதில்களில் சில சென்னையில் எழுதப்படுகின்றன. விலையை அடியோடு புரட்டிப்போடும் பதில்கள் பெரும்பாலும் தில்லியில். ரயிலேறினால் பக்கத்துக் கடலுக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டிய ஊர் அது. மீன்வளத் துறையும் உச்ச நீதிமன்றமும் வெளியுறவு அமைச்சகமும் அங்கே ஆட்டோ தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் ஒரு தாள், கடுவையாற்றில் நிற்கிற ஒரு படகைத் தங்கமாக்கும், இல்லையென்றால் விறகாக்கும்.

பழைய படகு வாங்குகிறவர்கள் முதலில் மரத்தைப் பார்க்கிறார்கள், பிறகு இன்ஜினைப் பார்க்கிறார்கள், கடைசியில், முன்பணம் கைமாறிய பிறகு, காகிதத்தைப் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பலகையை மாற்றலாம், இன்ஜினை இறக்கி ஏற்றலாம். காகிதத்தில் இருக்கிற ஓட்டையை எந்த ஓடாவியாலும் அடைக்க முடியாது.

தில்லி எப்போது படகேறியது?

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் அதிகாரம். அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை மத்திய அரசின் கை. தமிழ்நாட்டுக்கு 1983-இலேயே கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு. விசைப்படகு கரையோரம் 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்பது இன்றைய விதி. படகைப் பதிவு செய்வதோ வணிகக் கப்பல் சட்டத்தின் கீழ், மத்திய அரசின் பெயரில்.

2008 நவம்பர் 26-க்குப் பிறகு இது வெறும் கோப்பு வேலையாக இருக்கவில்லை. மும்பையைத் தாக்க வந்தவர்கள் கடலில் கைப்பற்றி ஓட்டிவந்தது ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகை. ஒரு மீன்பிடிப் படகு யாருடையது, எங்கே நிற்கிறது என்று தில்லி கேட்க ஆரம்பித்தது அப்போதுதான். நாடு முழுக்க ஒரே மாதிரிப் பதிவெண், மாநிலத்துக்கு மாநிலம் தனி நிறம், ‘ரியல்கிராஃப்ட்’ என்ற இணையப் பதிவேடு, மீனவருக்கு அடையாள அட்டை என்று வரிசையாக வந்தன. 2019-இல் மீன்வளத்துக்கென்று தனித் துறையும், அதே ஆண்டில் கால்நடை, பால்வளத்தோடு சேர்த்துத் தனி அமைச்சகமும் தில்லியில் உருவாயின.

படகின் முன்முனையான அணியத்தில் எழுதியிருக்கிற ‘ஐஎன்டி-டிஎன்-06-எம்எம்’ என்று தொடங்கும் எண், நாகப்பட்டினத்து விசைப்படகு என்பதைச் சொல்கிறது. ‘எம்எம்’ என்றால் விசைப்படகு, ‘எம்ஓ’ என்றால் இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகு. அணியத்தில் உள்ள எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் இணையப் பதிவேட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பலர் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிப்பதில்லை.

தண்ணீரைத் தேடு, உப்புத் தண்ணீரை அல்ல

காகிதம் முதல் என்றேன். ஆனாலும் படகைப் பார்க்காமல் காகிதம் மட்டும் பார்த்து வாங்க முடியாது. கரையில் நிற்கும்போது பார்க்கவேண்டியவற்றைச் சொல்லிவிட்டுப் போகலாம்.

மரப்படகை அழிப்பது கடல் தண்ணீர் என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கடல் தண்ணீருக்குள் கப்பல் புழு உண்டு, அது பலகையைத் துளைத்துச் சல்லடையாக்கும், உண்மைதான். ஆனால் உப்பு ஒரு வகையில் மரத்தைக் காக்கவும் செய்கிறது. மரத்தை மக்க வைப்பது பெரும்பாலும் நல்ல தண்ணீர்: மழைத் தண்ணீரும், உருகிய ஐஸ் தண்ணீரும். அதனால் பார்க்கவேண்டிய இடங்கள் வெளியே பளபளக்கிற பக்கவாட்டுப் பலகைகள் அல்ல. மேல்தளமும் கேபினும் சந்திக்கிற மூலைகள், தளத்துக்குக் கீழே உத்தரங்களின் முனைகள், எல்லாவற்றுக்கும் மேலாக மீன் ஐஸ் வைக்கிற அறை. அந்த அறையின் சுவரில் தெர்மாகோலோ ஃபோமோ வைத்து மேலே ஃபைபர் பூசியிருப்பார்கள். ஒரு சின்னக் கீறல் போதும், பல வருஷத்து ஐஸ் தண்ணீர் உள்ளே இறங்கி, சட்டங்களைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கும். விற்பவர் ஒரு சதுர அடியைப் பெயர்த்துக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்று அர்த்தம்.

ஆணிகளைப் பாருங்கள். ஆணித் தலையிலிருந்து துருக்கோடு வழிந்திருந்தால் உள்ளே ஈரம் ஓடுகிறது. ஏராவும் அணியமும் சேரும் மூட்டில் பெயின்ட் வெடித்திருந்தால் மூட்டு அசைகிறது. வரிசையாக இரண்டு மூன்று பலகை மட்டும் புதிதாக இருந்தால், படகு எங்கோ மோதியிருக்கிறது. எங்கே என்று கேளுங்கள். பலகை இடுக்குகளில் கலப்பத்துப் பஞ்சு புதிதாக அடித்திருப்பது குறையல்ல. அது எல்லா மரப்படகும் கேட்கிற வருடாந்திர வேலை. முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிய வாசனை வந்தால், உரிமையாளர் படகை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவர் என்று ஓரளவு நம்பலாம்.

மரத்தின் மேல் ஃபைபர் போர்த்திய படகைப் பார்க்கும்போது இரண்டு மடங்கு சந்தேகம் நல்லது. புதுப் படகுக்கே ஃபைபர் போர்த்தியிருந்தால் அது பாதுகாப்பு. பதினைந்து வருஷம் ஓடிய படகுக்குப் போன வருஷம் போர்த்தியிருந்தால் அது முக்காடு.

பெட்டிச் செய்தி: எஃகும் ஃபைபரும்

எஃகுப் படகு: தட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள், தகட்டின் கனத்தை அளக்கும் ஒலியலைக் கருவி இருக்கிறது, அதை வைத்திருப்பவரை ஒரு நாள் வாடகைக்குக் கூப்பிடுங்கள். கட்டியபோது இருந்த கனத்தில் கால் பங்கு தேய்ந்திருந்தால், அந்தத் தகட்டை மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும். அடியில் பொருத்தியிருக்கிற துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்திருப்பது நல்ல அடையாளம். எஃகுக்குப் பதில் அவை அரிக்கப்படுகின்றன. அவற்றின் மேலேயே பெயின்ட் அடித்திருந்தால் அவை வேலையே செய்யவில்லை. அரிப்பு எஃகில் நடந்திருக்கிறது.

ஃபைபர் படகு: 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நன்கொடையாகக் குவிந்த ஃபைபர் படகுகளில் அவசரத்தில் மட்டமாகக் கட்டியவையும் இருந்தன. வயதான ஃபைபர் படகு வாங்கினால் பின்முனையில் உள்ள கடையால் பலகையில் தொடங்குங்கள். வெளி இன்ஜினைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால், பலகையும் சேர்ந்து அசையக் கூடாது. அசைந்தால், ஃபைபருக்கு நடுவே உள்ள பிளைவுட் ஊறிப்போயிருக்கிறது. அடியில் கொப்புளம் கொப்புளமாக இருந்தால் ஊசியால் குத்திப் பாருங்கள். புளித்த வாடையோடு தண்ணீர் வந்தால் உள்ளே நெய்த கண்ணாடி இழைகள் பிரியத் தொடங்கிவிட்டன.

இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும்

படகு பார்க்கப் போகிற நேரத்தைச் சொல்லாமல் போவது நல்லது. சொல்லிவிட்டுப் போனால் இன்ஜின் சூடாகத் தயாராக இருக்கும். சூடான இன்ஜின் எல்லாமே நல்ல இன்ஜின்தான். கையை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கரும்புகை நின்றுபோகாமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது இன்ஜினுக்கு மீறிய புரொப்பெல்லரை மாட்டியிருக்கிறார்கள். நீலப்புகை, ஆயில் எரிகிறது. வெண்புகை விடாமல் வந்தால், எரியாத டீசலோ உள்ளே புகுந்த தண்ணீரோ. ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்கையில் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு கடலில் இரண்டு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். முழு வேகத்தில் இன்ஜின் தன் சுற்று எண்ணிக்கையை எட்டுகிறதா, ஷாஃப்ட் அதிர்கிறதா, சுக்கான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறதா, ஷாஃப்ட் உள்ளே நுழைகிற இடத்தில் தண்ணீர் சொட்டுகிறதா, ஓடுகிறதா. சொட்டலாம், ஓடக் கூடாது. தடைக்காலத்தில் வாங்கினால் இந்தச் சோதனை நடக்காது. அதனால்தான் தடைக்காலத்தில் விற்கிறவர்கள் சிலர் தடைக்காலத்தில் விற்கிறார்கள். விலையில் ஒரு பகுதியை ஜூன் 15-க்குப் பிறகு தருவதாக எழுதிக்கொள்வது இருவருக்கும் நியாயம்.

இன்ஜினில் காகிதக் கேள்வியும் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டு விதிப்படி விசைப்படகின் நீளம் 24 மீட்டரையும் இன்ஜின் 240 குதிரைத்திறனையும் தாண்டக் கூடாது. கடற்கரை நெடுக இதை மீறிய அதிவேக இன்ஜின்கள் ஓடுகின்றன என்பதும், அவற்றை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. விற்பவர் ‘சக்தி வாய்ந்த இன்ஜின்’ என்று பெருமையாகச் சொன்னால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சான்றில் எழுதியிருக்கிற இன்ஜின் எண்ணையும் இன்ஜினில் அடித்திருக்கிற எண்ணையும் ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால், அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர் புது உரிமையாளர்தான்.

130 நாள் கணக்கு

விலை சரியா என்பதை எப்படி முடிவு செய்வது? பாக் வளைகுடாவில் ஒரு எளிய கணக்கு உண்டு. ராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மட்டும் கடலுக்குப் போவது நெடுநாள் ஏற்பாடு. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. 365 நாளில் 61 நாள் தடைக்காலத்தைக் கழித்தால் 304. அது ஏறத்தாழ 43 வாரம். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் 130 நாள். புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், திருவிழா, ரிப்பேர் எல்லாம் இதற்குள்ளிருந்து கழியும். வாங்குகிற படகின் மொத்த விலை, வட்டி, டீசல், ஐஸ், வலை, ஆட்கள் பங்கு எல்லாவற்றையும் இந்த நூற்றுச் சொச்ச நாள்கள்தான் சுமக்க வேண்டும். பழைய படகை முந்நூறு நாள் ஓடும் என்று நினைத்துக் கடன் வாங்குகிறவர் முதல் வருஷத்திலேயே மூச்சுத் திணறுகிறார்.

டீசலை மறக்கக் கூடாது. விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த விற்பனை வரி விலக்கு டீசலை 19,000 லிட்டராகவும், நாட்டுப்படகுக்கு 4,000-லிருந்து 4,400 லிட்டராகவும் உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். இந்தச் சலுகை பதிவையும் உரிமத்தையும் ஒட்டியே வருகிறது. பதிவில் சிக்கல் உள்ள படகு மலிவாகக் கிடைக்கும். அதற்கான டீசல் மலிவாகக் கிடைக்காது. இரண்டு வருஷத்தில் லாபம் கரைந்துவிடும்.

இன்னொரு செலவும் விலைச்சீட்டில் தெரியாது. பல துறைமுகங்களில் படகில் வேலை செய்கிறவர்களுக்கு உரிமையாளர் முன்பணம் கொடுத்து வைத்திருப்பார். படகு கைமாறும்போது ஆட்களும் அந்தக் கடனும் சேர்ந்தே கைமாறலாம். ஆட்கள் யாரோடு போகிறார்கள், முன்பணத்தை யார் யாருக்குத் தர வேண்டும், மீனவர் சங்கத்துக்குப் பாக்கி இருக்கிறதா, வெளியூர்ப் படகைத் துறைமுகத்தில் கட்டச் சங்கம் சம்மதிக்குமா என்பதையெல்லாம் பேசி முடிக்காமல் ஏணியில் ஏறுவதே வீண்.

காரைநகரில் ஒரு ஏலம்

காகிதம் ஏன் முதல் என்பதற்குத் தமிழக மீனவர்கள் பார்த்த கொடுமையான பாடம் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது. 2022 பிப்ரவரி 7-ஆம் தேதி யாழ்ப்பாணம் காரைநகரில் தமிழகப் படகுகள் ஏலத்துக்கு வந்தன. இலங்கை அரசு ஏலத்துக்கு அறிவித்தவை மொத்தம் 105: காரைநகரில் 65, காங்கேசன்துறையில் 5, கிராஞ்சியில் 24, தலைமன்னாரில் 9, கற்பிட்டியில் 2. எல்லாம் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவை. பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்து, பலகை பிளந்து, பாதி மூழ்கியவை. ஒரு காலத்தில் குடும்பங்கள் நகையை வைத்து வாங்கிய படகுகள், விறகுக்கும் பழைய இரும்புக்குமாக விலை பேசப்பட்டன. சென்னையிலிருந்து தில்லிக்குக் கடிதம் போனது, ஏலம் நடந்தது.

இதற்குப் பின்னால் இலங்கையின் இரண்டு சட்டத் திருத்தங்கள் இருக்கின்றன. 2017 ஜூலையில், கடலடியைச் சுரண்டி இழுக்கும் வலையான இழுவைமடிக்கு அங்கே தடை வந்தது. 2018 ஜனவரியில் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதம் பல மடங்கு ஏறியது: படகின் நீளத்தைப் பொறுத்து 50 லட்சம் இலங்கை ரூபாயில் தொடங்கி 17.5 கோடி வரை. அதற்கு முன் பிடிபட்டவர்கள் திரும்பினால் படகும் ஒருநாள் திரும்பும் என்ற நம்பிக்கை இருந்தது. அதற்குப் பிறகு மீனவர்கள் விமானத்தில் திரும்பினார்கள், படகு அங்கேயே நின்றது.

பழைய படகு வாங்குகிறவர் கவனிக்கவேண்டிய இடம் இது. பிடிபட்ட படகைக் கேட்டு இலங்கை நீதிமன்றத்தில் நிற்கவேண்டியவர் உரிமையாளர். உரிமையாளர் என்பதைக் காட்டுவது பதிவுச் சான்று. படகை வாங்கி, பணம் முழுக்கக் கொடுத்து, ஆனால் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர் அங்கே யாருமில்லை. பழைய உரிமையாளருக்கோ பணம் வந்துவிட்டது. கடல் கடந்து போய் வழக்கு நடத்த அவருக்கு என்ன அவசரம்?

நிவாரணத்திலும் இதே கதைதான். இலங்கையில் மீட்க முடியாமல் போன 108 விசைப்படகுகளுக்குத் தலா 5 லட்சமும், 17 நாட்டுப்படகுகளுக்குத் தலா 1.5 லட்சமும், மொத்தம் 5.66 கோடி ரூபாய் தருவதாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. 5 லட்சம் படகின் விலை ஆகாது. அந்த 5 லட்சமும் பெயர் மாற்றாத வாங்குபவருக்கு வந்து சேருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

80 லட்சம் ரூபாய்ப் புதுப் படகு இருக்க, பழையது ஏன்?

2016 நவம்பர் 2-ஆம் தேதி இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகள் தில்லியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மூன்று நாள் கழித்து அமைச்சர்கள் பேசினார்கள். சுஷ்மா சுவராஜ் அப்போது வெளியுறவு அமைச்சர். இழுவைமடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவது, கூட்டுப் பணிக்குழு அமைப்பது என்று அறிக்கை வந்தது. அதன் தொடர்ச்சிதான் 2017 ஜூலையில் பிரதமர் மோடி ராமேசுவரத்தில் தொடங்கிவைத்த திட்டம்: பாக் வளைகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்றுவது. மொத்தம் 1,600 கோடி.

ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. அதாவது 8 லட்சம் போட்டால் 80 லட்சத்துப் படகு, கூடவே 16 லட்சம் கடன். காகிதத்தில் இதைவிட நல்ல பேரம் கிடையாது. கொச்சிக் கப்பல் கட்டும் தளம் முதல் படகுகளைக் கட்டிக் கொடுத்தது. பிறகு பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆழ்கடல் படகின் அலகு விலை 1.20 கோடியானது. இருந்தும் கடலில் இறங்கிய புதுப் படகுகள் இலக்கான 2,000-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

மீனவர்களைச் சோம்பேறி என்று சொல்கிறவர்கள் தில்லியில் உண்டு. ஆனால் காரணம் சோம்பல் அல்ல. ராமேசுவரத்து மீனவர் ஒருநாள் போய் மறுநாள் திரும்புகிறவர். ஒரே இரவுக் கடல், தெரிந்த கடல். சூரைமீனுக்குப் பல நாள், பல வாரம் தங்க வேண்டும். தூண்டில் கயிற்றில் ஆயிரக்கணக்கில் கொக்கி கோத்து இறக்கும் வித்தை வேறு, மீனை ஐஸில் காக்கும் முறை வேறு, ஆட்கள் வேறு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் இதைத் தலைமுறையாகச் செய்கிறார்கள். இந்தியாவின் இரண்டு கடலையும் அளந்தவர்கள் அவர்கள். அவர்களிடமிருந்து பழைய தங்கல் படகும் அனுபவமுள்ள ஓட்டுநரும் சேர்த்து எடுத்தவர், மானியப் புதுப் படகு எடுத்தவரைவிடச் சீக்கிரம் தொழில் கற்றிருப்பார் என்பது என் கணிப்பு. புதுப் படகுக்கு மானியம் கொடுத்த தில்லி, நல்ல பழைய ஆழ்கடல் படகுக்குக் கடனும், அதைச் சோதித்துச் சான்று தரும் ஓர் ஏற்பாடும் கொடுத்திருக்கலாம். கார் வாங்கினால் இது கிடைக்கிறது. படகு வாங்கினால் ஓடாவியின் சுத்தியல்தான்.

அந்த ஆழ்கடல் படகுத் திட்டத்தில் சேர்ந்தவர் தன் இழுவைப் படகைப் பாக் வளைகுடாவில் மறுபடி ஓட்டக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே ராமேசுவரம், புதுக்கோட்டை, தஞ்சைக் கரைகளிலிருந்து வேறு கடற்கரைக்கு மலிவாக வருகிற பழைய இழுவைப் படகைப் பார்த்தால், அது எந்தத் திட்டத்தில் கழிக்கப்பட்டது, பதிவு ரத்தாகிவிட்டதா என்று கேட்காமல் கை நீட்டாதீர்கள்.

சுருக்குமடி: நீதிமன்றத்தோடு சேர்த்து வாங்கும் படகு

கடலூர், நாகைப் பக்கம், மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துச் சுருக்கும் சுருக்குமடி வலையோடு படகு விலைக்கு வரும். வலை மட்டுமே பல லட்சம். சுருக்குமடிக்குத் தமிழ்நாடு 2000-இலேயே தடை போட்டது. 2022 பிப்ரவரியில் மறுபடி அரசாணை வந்தது. வழக்கு தில்லிக்குப் போனது. 2023 ஜனவரி 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்குப் புறப்பட்டு மாலை 6 மணிக்குத் திரும்ப வேண்டும், பதிவான படகாக இருக்க வேண்டும், கண்காணிப்புக் கருவி பொருத்தியிருக்க வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் பகல் பத்து மணி நேரம். அதில் 12 மைல் போக, 12 மைல் வர. மிச்சத்தில் மீன் கூட்டத்தைத் தேடி வலை வளைக்க வேண்டும். இந்த உத்தரவு வந்த நாளில் கரையில் நின்ற அத்தனை சுருக்குமடிப் படகுகளின் விலையும் மாறியது. ஒரு பலகைகூட மக்கவில்லை, ஒரு ஆணிகூடத் துருப்பிடிக்கவில்லை. இடைக்கால உத்தரவு எந்தப் பக்கமும் திரும்பலாம். அந்தப் படகை வாங்குகிறவர் மீன்பிடித் தொழிலோடு சூதாட்டத்தையும் சேர்த்து வாங்குகிறார். செய்யக் கூடாது என்றில்லை. சூதாட்டத்துக்கு உரிய விலைதான் கொடுக்க வேண்டும்.

இழுவைப் படகிலும் இப்படி ஒரு சாமான் உண்டு: வலையில் ஆமை தப்பிக்கும் கருவி. 2025 தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய பிறகு இது நாளிதழ்ச் செய்தியானது. இந்தக் கருவி இல்லாத வலையில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. விற்பவரின் வலைக் குவியலில் அது இருக்கிறதா என்று பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

பெட்டிச் செய்தி: கேட்டு வாங்க வேண்டியவை

பதிவுச் சான்று, நடப்பு மீன்பிடி உரிமம், முந்தைய கைமாற்றங்களின் ஆதாரம்.

வங்கியிலோ கூட்டுறவிலோ அடமானம் இருந்தால் கடன் தீர்ந்த கடிதம். சான்றில் ஒரு பெயர் இருந்தாலும் பணம் போட்டவர்கள் அண்ணன் தம்பி மூவராக இருக்கலாம், மூவரும் கையெழுத்திடட்டும்.

இன்ஜின் வாங்கிய ரசீது. காப்பீடு.

டிரான்ஸ்பாண்டர், வி.எச்.எஃப். வாக்கி டாக்கி, ஆள் கணக்குக்கு உயிர்காப்பு அங்கி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டப் படகுகளுக்குக் கரையிலிருந்து சேதி சொல்ல வழியில்லாமல் போனது. அதன் பிறகு இவற்றை ‘உபரி’ என்று விலையில் தள்ளுபடி கேட்கிறவரிடம் பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டரை இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கியது. எல்லைக் கோட்டை நெருங்கினால் எச்சரிக்கும், இரு பக்கமும் குறுஞ்செய்தி அனுப்பும். கருவி அந்தப் படகின் பெயரில் பதிவானதா என்று பாருங்கள்.

இந்தப் பருவத்தின் புதுக் கேள்வி

2025 நவம்பரில் தில்லி இன்னொரு தாளை அனுப்பியது. 12 மைலுக்கு அப்பால் 200 மைல் வரையிலான கடலில் மீன் பிடிப்பதற்கான புதிய விதிகள். விசைப்படகுகளும் பெரிய இயந்திரப் படகுகளும் ரியல்கிராஃப்ட் வழியாக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டுக்குக் கட்டணம் இல்லை. பாரம்பரிய மீனவர்களுக்கும் சிறு படகுகளுக்கும் சீட்டே வேண்டாம். எல்.இ.டி. விளக்கு வைத்துப் பிடிப்பது, இரண்டு படகு சேர்ந்து இழுப்பது போன்றவற்றுக்குத் தடை. கூட்டுறவுகளுக்கு முன்னுரிமை.

இலவசம் என்றதும் கரையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சீட்டு இணையத்தில், அதுவும் பதிவேட்டில் ஒழுங்காக இருக்கிற படகுக்குத்தான் கிடைக்கும். பெயர் மாற்றாமல், இன்ஜின் மாற்றியதைச் சொல்லாமல், நீளத்தைக் கூட்டியதை எழுதாமல் மூன்று கை மாறிய படகுகள் நம் துறைமுகங்களில் கொஞ்சமல்ல. இவற்றையெல்லாம் கரையோரத்துக்குள்ளே ஓட்டினால் 5 மைல் விதி தடுக்கும். 12 மைலைத் தாண்டினால் சீட்டு கேட்கப்படும். இடையில் மிஞ்சுவது ஏழு மைல் அகலக் கடல். அதில் ஏற்கெனவே எல்லோரும் இருக்கிறார்கள். சீட்டு கிடைக்கத் தகுதியுள்ள பழைய படகுக்கும் தகுதியில்லாத பழைய படகுக்கும் இடையிலான விலை வித்தியாசம் இனி வருஷத்துக்கு வருஷம் கூடும். இன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டாவது வகையை வாங்குகிறவர், நாளை அதை யாரிடம் விற்பார் என்பதையும் இன்றே யோசிக்க வேண்டும்.

கடைசியாக, முன்பணம் கொடுத்த நாளுக்கும் பெயர் மாறும் நாளுக்கும் இடையே உள்ள நாட்கள். ஒரு வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். அந்த இடைவெளியில் படகு கடலுக்குப் போனால், பிடிபட்டால், மோதினால், ஆள் அடிபட்டால் பொறுப்பு யாருக்கு என்று விற்பனை ஒப்பந்தத்தில் தேதி போட்டு எழுதுங்கள். எழுத விற்பவர் தயங்கினால் பெயர் மாறும் வரை படகைக் கட்டியே வையுங்கள். விற்பவர் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு உங்களோடு வந்து கையெழுத்துப் போடும் நாளில் விலையின் கடைசித் தவணையைக் கொடுங்கள், அதற்கு முந்தின நாளில் அல்ல.